இருபது பேருக்கு ஒரு காடு

“அட்டை ஒட்டிக்கிச்சுன்னா இன்னாங்க பண்றது?” முதுகுப்பையின் ஓரத்தில் உப்புப் பொட்டலத்தைச் செருகியபடி ஹேமலதா கேட்டாள்.

“புடுங்கக் கூடாது. உப்பத் தடவுனா தானா உழுந்துடும்” என்றான் ஜெயசீலன், ஆயிரம் அட்டைகளிடம் கடிபட்டவன் மாதிரி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசரான அவன் இதுவரை ஏறிய உயரமான இடம் ஏலகிரி. அதுவும் பஸ்ஸில்.

விடிந்தால் பயணம். மேற்கு மலையில் இருக்கும் அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இருபது பேரைத்தான் விடுவார்கள். மூன்று நாள் நடை, கூடாரத்தில் தூக்கம். தனிமையைத் தேடி நாலாயிரம் பேர் ஆன்லைனில் முட்டி மோதுவதால், ஒவ்வொரு பெயராகக் குலுக்கல் போட்டுத்தான் ஆளை எடுக்கிறார்கள். மூன்று வருடமாக ஜெயசீலனுக்கு அது விழவே இல்லை.

கம்பெனியில் அவன் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. “இன்னா தோஸ்த், காடு அங்கியேதான் இருக்குதா, எங்கியாவது நவுந்துடுச்சா?” என்று கட்டிங் பிரிவு ஆபித் பாஷா டீ நேரத்தில் தவறாமல் விசாரிப்பார். இந்த வருடமும் கிடைக்காவிட்டால் டீ குடிப்பதையே நிறுத்திவிட வேண்டியதுதான் என்ற நிலைமை.

மூன்று பேராவது சேர்ந்து போட்டால்தான் விண்ணப்பமே நகரும். கூட வர எவனும் சிக்கவில்லை. மனைவி ஹேமலதா பெயரையும், கலவை என்ற ஊரில் இருக்கும் மாமியார் சம்பூர்ணத்தின் பெயரையும் போட்டுக் கட்டத்தை நிரப்பினான். அவன் போன் சார்ஜில் கிடந்ததால் ஹேமலதாவின் நம்பரைக் கொடுத்தான்.

முந்தாநாள் மெசேஜ் வந்தபோது அவள் ஷூவின் மேல்தோலைத் தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தே ஜோடிக்கணக்கில் தைத்துக் கொடுப்பவள் அவள். பீஸ் எங்கே, பீஸ் எங்கே என்று ஏஜென்ட் நாளுக்குப் பத்து முறை கூப்பிடுவான்.

“பெர்மிட்டு வந்துருக்குங்க. மூணு பேருல ஒருத்தருக்குத்தான்...”

“ஒருத்தருக்கு வந்தா போதும் ஹேமா!” அவள் மிச்சத்தைச் சொல்வதற்குள் ஜெயசீலன் மொட்டை மாடிக்கு ஓடி ஆபித் பாஷாவுக்குப் போன் போட்டுவிட்டான். “பிரிண்ட் எடுத்து வெச்சிடு” என்று அங்கிருந்தே கத்தினான். அன்றைக்கே மேனேஜரிடம் கெஞ்சி மூன்று நாள் லீவும் வாங்கிவிட்டான்.

அப்புறம் பயிற்சி தொடங்கியது. பையில் பத்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு மூன்று மாடிப் படியை ஏறி இறங்கினான். இரண்டாவது சுற்றில் முழங்கால் பிடித்துக்கொண்டது. மோட்டார் கெட்டுப்போன நாளிலிருந்து ஹேமலதா இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று அதே படியில்தான் தண்ணீர் ஏற்றுகிறாள். அதற்குப் பயிற்சி என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

கூடாரத்தை ஹாலில் விரித்து அரைமணி நேரம் மல்லுக்கட்டினான். கடைசியில் அவள்தான் வாங்கி, கம்பிகளைச் செருகி நிறுத்தினாள். பிறகு அவளே அதைப் பிரித்து மடித்து, இன்னொரு முறை போட்டாள்.

“ரெண்டாவது வாட்டி எதுக்கு?”

“கை பழகிடுச்சான்னு பாத்தேன். கேட்டுல ஆதார் பாப்பாங்களா?”

“பின்ன? ஆளு மாறிப் போனா அப்பிடியே திருப்பி அனுப்பிடுவாங்க. ஜாஸ்தி ஸ்ட்ரிக்ட்டு!” பூங்காவையே தான்தான் கட்டிக் காப்பதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

“டவர் எடுக்குமா?”

“சுத்தமா எடுக்காது. மூணு நாளும் யாரும் கூப்பிட முடியாது.”

“யாருமேவா?”

“யாருமே!”

ஹேமலதா கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பிரியப்போகும் வருத்தம் என்று எடுத்துக்கொண்டு ஜெயசீலன் உருகிப்போனான். “மூணே நாளு ஹேமா, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்” என்று தேற்றினான். ஆமாம் என்று அவளும் கவலையோடு தலையாட்டினாள்.

காலை ஐந்தரைக்குத் தெருமுனை சத்தாரின் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. ஜெயசீலன் புதுத் தொப்பியோடு ஒரு செல்ஃபி எடுத்து, ‘காடு அழைக்கிறது’ என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுத் திரும்பினான். சுடிதாரில் கிளம்பி, முதுகுப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஹேமலதா ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டேஷன் வரைக்கும் வந்து வழியனுப்பும் மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்! அவனுக்குப் பூரித்துப் போயிற்று.

“பாப்பா தூங்கறா. என்னை எறக்கி உட்டுட்டு இதே ஆட்டோல வந்துடு. பெர்மிட்டு, ஆதாரு எல்லாம் எடுத்துக்கினியா?”

“எடுத்துக்கினேன். பாப்பாவுக்கு எட்டரைக்கு ஸ்கூல் வேன் வரும். ரெட்ட ஜடை போடணும், ஒத்த ஜடைன்னா மிஸ் திட்டும்.”

“அத ஏன் எங்கிட்ட சொல்ற?” என்றபடி ஜெயசீலன் ஒரு காலை ஆட்டோவுக்குள் வைத்தான்.

“எறங்குங்க, பெர்மிட்டு என் பேருக்கு வந்துருக்கு.”