மேடையேறிய மரம்

சுதந்திர தின மாறுவேடப் போட்டியில், தலைவர்களாக வந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் தாம் வேடமிட்ட தலைவர் என்ன செய்தார் என்று தெரியவில்லை. மேடையோரம் அமர்ந்திருந்த நடுவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திருமேனிநாதன், முதற்பரிசு எவருக்கும் இல்லை என்றெழுதப் பேனாவைத் திறந்தார். அப்போது உடம்பெங்கும் புளியங்கிளைகளும் இலைப் பொட்டலங்களும் தொங்க, ஆறாம் வகுப்பு நஸ்ரின் மேடையேறினாள்.

"நீ எந்தத் தலைவரம்மா?"

"மரம் சார். உப்பெடுக்க வேதாரண்யத்துக்கு நடந்தவங்களுக்குச் சோறு போட்டா ஜெயில்னு வெள்ளைக்காரக் கலெக்டர் சொல்லிட்டாரு. சனங்க பொட்டலம் கட்டி என் மேல தொங்கவிட்டுட்டுப் போயிட்டாங்க."

பேனாவை மூடிவிட்டு, அவர் உட்கார்ந்தபடியே ஒரு பொட்டலத்துக்குக் கையை நீட்டினார். புளிச்சோறு மணத்தது. அவள் பின்வாங்கினாள்.

"உக்காந்திருக்கவங்களுக்கு இல்ல சார். நடக்கறவங்களுக்கு."

திருமேனிநாதன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.