மேஜை மேல் வைத்த கூடை

"ஒரு ஜோடி செருப்புகூட விட்டு வைக்கல!"

குல்சீனா, விருந்தினருக்கு வாடகைக்கு விடும் தன் வீட்டுக் கூடத்தின் நடுவில் நின்று கத்தினாள். மேஜை விரிப்பின் மேல் கூடை மட்டும் இருந்தது. சோப்பு, ஷாம்பு, டீத்தூள் பொட்டலம், பல் பிரஷ், சாக்லேட், வீட்டுக்குள் போடும் துணிச் செருப்பு, எதுவும் இல்லை.

கணவன் குபாத் படுக்கைக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தான்.

"கூடைய விட்டுட்டுப் போயிருக்காங்கல்ல? அந்த மட்டுக்கும் நல்லவங்க."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. இந்த மாசம் வர்ற அத்தனை பேருக்கும்னு தோர்தோய் சந்தையில மொத்தமா வாங்கினது. ஒரு பொம்பள தனியா முடிச்சுட்டா."

"அத்தனை பேருக்கும் உள்ளதை ஏன் ஒரே கூடையில வெச்சே?"

"போட்டோவுல நிறைவாத் தெரிய வேண்டாமா? பார்க்க வெச்சா, அள்ளிட்டுப் போயிடறதா?"

"'எல்லாம் உங்களுக்கே'ன்னு விளம்பரத்துல எழுதினது யாரு?"

"அது ஒரு பேச்சுக்கு எழுதறது!"

மதியம் ஜெர்மன்காரர்கள் வருகிறார்கள். ஒரு வாரம் இருப்பார்கள். சோப்பு இல்லை என்று அவர்கள் ஒரு வரி எழுதினால் போதும், இந்தக் கோடை முழுக்க வீடு காலியாகக் கிடக்கும்.

"பாவம், நாரின் ஊர்ப் பக்கத்துலேர்ந்து வந்த அந்த அம்மா," என்றான் குபாத். "பொண்ணுக்கு ஆபரேஷன்னு வந்தவங்க. நாளைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து விட்டுடுவாங்க, கட்டுப் பிரிக்கற வரைக்கும் பொண்ணோட இங்கயே இருக்கலாமான்னு கேட்டாங்களே. என்ன சொன்னே?"

"ஆள் வராங்க, வேற வீடு பார்த்துக்குங்கன்னேன். இப்ப பிஷ்கெக்குல எவன் குடுக்கறான்னு நானும் பாக்கறேன்."

தினவாடகைக்கு வீடு விடுகிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு உண்டு. அதில் அந்த அம்மாவின் பெயரையும் படத்தையும் போட்டாள். 'புருல்சா. வீட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போகிறவள். உள்ளே விடாதீர்கள்.'

மளமளவென்று பதில்கள் வந்தன. 'நல்ல வேளை சொன்னே, தங்கச்சி!' என்று ஒரு பெரியவர். குல்சீனாவுக்குக் கொஞ்சம் மனசு ஆறியது.

சந்தைக்கு ஓடி எல்லாவற்றையும் மறுபடி வாங்கினாள். இந்த முறை அலமாரியில் வைத்துப் பூட்டி, ஆளுக்கு ஒன்று மட்டும் வெளியே எடுத்தாள். ஜெர்மன்காரர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது போன் அடித்தது. புருல்சா.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன், அக்கா. மேஜை மேல இருந்ததெல்லாம்..."

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன், தங்கச்சி! எவ்வளவு வெச்சிருந்தே! விருந்தாளிக்குன்னு விரிப்பு மேல வெச்சதை விட்டுட்டுப் போனா வீட்டுக்காரங்க முகம் வாடிடாதா? ஒண்ணு விடாம கேஷிக் கட்டிட்டேன்."

"கேஷிக்கா? விருந்துல மிஞ்சின கறியக் கட்டிக்கிட்டுப் போறதுதானே கேஷிக்? சோப்பை யாராவது கட்டுவாங்களா?"

"எனக்கும் அதே ஆச்சரியம்தான்! சரி, பட்டணத்துல இப்படித்தான் போலன்னு நினைச்சேன். கேஷிக்க ஒருத்தியே வெச்சுக்கக் கூடாதே? பொண்ணு இருக்கற வார்டுல பங்கு போட்டுக் குடுத்துட்டேன். அங்க எல்லாரையும் திடீர்னு கொண்டுவந்து சேர்த்திருக்காங்க, சோப்பும் இல்ல, கால்ல போட ஒண்ணும் இல்ல. 'குல்சீனா குடுத்தது'ன்னு உன் பேர் சொல்லித்தான் குடுத்தேன். படுத்திருக்கறவங்ககூட எழுந்து உட்கார்ந்து உனக்காகக் கையேந்தி வேண்டிக்கிட்டாங்க."

குல்சீனா படியில் உட்கார்ந்தாள்.

"இருக்கியாம்மா?"

"சொல்லுங்கக்கா."

"ஒரு உதவி வேணும். நாளைக்குப் பொண்ணை வெளிய விட்டுடறாங்க. நடக்க முடியாது அவளால. காலையிலேர்ந்து தங்க வீடு தேடி ஒவ்வொருத்தருக்கா போன் போடறேன். நல்லாத்தான் பேசறாங்க, பேரைச் சொன்னதும் போனை வெச்சுடறாங்க. ஏன்னே புரியல. நீ இதே தொழில்ல இருக்கறவ, என்னையும் தெரியும். அவங்ககிட்ட என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லேன், தங்கச்சி. நீ சொன்னா நம்புவாங்க."