இளஞ்சிவப்பு வரும் வரை

சொட்டு விழுந்த இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றியது. சுதா குடுவையைச் சுழற்றினாள். நிறம் கரைந்து காணாமல் போனது.

இன்னொரு சொட்டு. அதுவும் நிற்கவில்லை.

குடுவையில் இருந்தது காலையில் தொட்டியிலிருந்து எடுத்த கரைசல். துருக்கியிலிருந்து மூட்டையில் வரும் கல்லை மாவாக அரைத்து, கந்தக அமிலத்தில் வேகவைத்து, போரிக் அமிலத்தைப் பிரித்தெடுப்பதுதான் பெருநகர் சாலையில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியின் தொழில். பாதிக்குப் பாதி சக்கையோடு வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யத்தான் ராணிப்பேட்டையிலிருந்து நிபுணர் பெஞ்சமின் வந்தார்.

கல்லை இன்னும் நைசாக அரைக்கச் சொன்னார். அமிலத்தைக் கூட்டினார், குறைத்தார். சூட்டை மாற்றினார். ஒவ்வொரு முறையும் லேபில் சுதாதான் சோதித்தாள். சிவப்பு எவ்வளவு தாமதமாக வந்து நிற்கிறதோ, அவ்வளவு அமிலம் கிடைத்ததாக அர்த்தம்.

நூற்றுக்குத் தொண்ணூறு கிடைத்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. அடுத்த வேலைக்குக் குஜராத் போய்விடுவார்.

மழைக்காலம் முழுக்கக் கரைசல் சீக்கிரமாகவே சிவந்தது. எண்பதைத் தாண்டவில்லை. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "நாளைக்குப் பாப்போம்" என்பார். பிறகு இருவரும் ஜன்னலோரம் நின்று டீ குடிப்பார்கள். பேசியதெல்லாம் சூட்டைப் பற்றியும் அமிலத்தைப் பற்றியும்தான். ஆனாலும் அவரைப் பார்க்காத ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்கு நகரவே மாட்டேன் என்றன.

இன்று காலை முதலாளி காதர் பாய் தொட்டியடியில் நின்று, எல்லார் எதிரிலும் கத்திவிட்டார்.

"இன்னா சார் படிச்சீங்க? ஒண்ணுந் தெரியாத ஆள இட்டாந்துகிறேன்னு சிரிக்கிறானுங்க. இன்னிக்கும் தொண்ணூறு வரலன்னா கெளம்பிடுங்க."

பெஞ்சமின் தலைகுனிந்து நின்றதை அவளால் பார்க்க முடியவில்லை.

சொட்டு விடும் பியூரெட் குழாயில் திரவம் இறங்கிக்கொண்டே போனது. எண்பதுக்கான கோட்டைக் கடந்தது. தொண்ணூறையும் கடந்தது. அப்புறம்தான் சிவப்பு வந்து நின்றது. எத்தனை சுழற்றியும் போகவில்லை.

"தொண்ணூத்தி அஞ்சு சார்" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

பின்னால் நின்றிருந்த பெஞ்சமின் பியூரெட்டின் அளவைக் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இன்னைக்குதான் கிளிசரின முழுசா ஊத்தினீங்களா?"

சோதனைக்கு முன் குடுவையில் ஊற்றும் கிளிசரின் குறைந்தால், இருக்கிற அமிலம் முழுதாகச் சோதனையில் பிடிபடாது. சிவப்பு முன்னாலேயே வந்து நின்றுவிடும். இத்தனை நாளும் அவள் குறைத்துத்தான் ஊற்றியிருந்தாள்.

"உங்களுக்கு எப்ப சார் தெரியும்?"

"மழை ஆரம்பிச்சப்பவே."

வாசலில் காதர் பாயின் செருப்புச் சத்தம் கேட்டது. "இன்னா சார், ரிசல்ட் வந்துச்சா?"

பெஞ்சமின் சிவந்த குடுவையை அவள் கையிலிருந்து வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"இன்னும் கலர் வரல பாய். கொஞ்ச நேரம் ஆவும்."