நடுக்குரல்

பாடி முடித்த மூவரும் ஒலிப்பதிவு அறையின் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா, அவள் கணவர், தங்கை. ஊரே முணுமுணுக்கும் சினிமாப் பாட்டுகளை மூன்று குரலில் மெத்தென்று பாடித் தருவதுதான் பத்தொன்பது வருடமாக இவர்கள் பிழைப்பு. அக்காவுக்கு மேல்குரல், அத்தானுக்குக் கீழ்க்குரல், தங்கைக்கு நடுக்குரல். ஜன்னல் வெயில் ஒலிக்கலவை மேஜையின் பொத்தான்கள்மேல் சாய்ந்து விழுகிறது. ஒலிப்பதிவாளர் இப்போது பதிந்த பாட்டை ஓடவிடுகிறார். அக்கா கண்ணை மூடிக்கொள்கிறாள். அத்தானின் கட்டைவிரல் செருப்புக்குள் தாளம் போடுகிறது. பாட்டு முடிந்ததும், "சும்மா கும்முனு வந்திருக்கு!" என்கிறார். ஒலிப்பதிவாளர் மேஜையைக் குனிந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்கிறார். "அய்யோ, மன்னிச்சுக்குங்க. நடுக்குரலை ஆஃப் பண்ணி வச்சிருந்திருக்கேன். ஆரம்பத்துலேர்ந்தே அது வரல." அக்கா சட்டென்று கண்ணைத் திறக்கிறாள். "அதானே, என்னமோ குறையுதேன்னு பார்த்தேன்." அத்தான் பிடரியைச் சொறிகிறார். தங்கையின் மடியில் பாட்டுத் தாள் கிடக்கிறது. மூச்சு எடுக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். அவளும்தான் முழுப் பாட்டையும் கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை. "மறுபடி போடட்டுமாம்மா?" என்று கேட்கிறார் ஒலிப்பதிவாளர். "போடுங்க" என்கிறாள் தங்கை. இந்த முறை அவள் குரல் இருக்கிறது. சுருதி விலகாமல், சுத்தமாக, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அத்தான் முன்னைவிடப் பலமாகத் தலையாட்டுகிறார். அக்கா அவள் கையைப் பிடிக்கிறாள். தங்கை அதை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை.