சுவர் மேல் ரேடியோ

"ரேடியோவா? புருஷன் செத்த வருஷம் கழியல, அவளுக்குத் தீவாளிக்கு ரேடியோவா? ஒங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

ஹட்டன் கடைவீதி என்றும் பாராமல் வீரம்மா கத்திவிட்டாள். கந்தப்பன் அசையவில்லை. தேயிலை ஸ்டோரில் வருஷக்கணக்காய் மெஷின் பக்கத்தில் நின்றதில் அவனுக்குக் காது பாதி மந்தம். மீதிப் பாதியை, பெண்டாட்டி பேசும்போது அவனே மூடிக்கொள்வான்.

"தங்கச்சிக்குப் பாட்டுன்னா உசுரு புள்ள."

"அது எனக்குத் தெரியாதா?"

தோட்டத்துக்கே தெரியும். கொழுந்து பறிக்கும்போது நாகலெட்சுமி பாட ஆரம்பித்தால் பக்கத்து நிரைக்காரிகளுக்குக் கை வலி மறந்துபோகும். ஆடி மழையில், தண்ணீர் வடியக் கான் வெட்டப் போன அவள் புருஷன் பொன்னையா மண் சரிந்து செத்தான். அதோடு எல்லாம் நின்றது. வேலைக்குப் போவாள், வருவாள், சுவரைப் பார்த்து உட்காருவாள். சோறு இறங்குவதில்லை. இப்படியே போனால் இவளும் தங்கமாட்டாள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

"நல்ல சேலையா ஒண்ணு எடுங்க. இல்லாட்டி அந்தா இருக்கிற ஆர்மோனியத்தையாவது வெலை கேளுங்க."

"சேலைய மடிச்சு வச்சிருவா. ஆர்மோனியத்துல கையே வைக்கமாட்டா. இதுதான் யாரும் கை வைக்காமலே பாடும்."

வளர்த்த பசுவை அதற்காகத்தான் விற்றிருந்தான். நாத்தனாருக்கென்றால் போகட்டும் என்று வீரம்மாவும் வாயை மூடிக்கொண்டாள். பெரிய பேட்டரியை அவள் தலையில் வைத்தான். ரேடியோவை, பிள்ளையைத் தூக்குவதுபோல் தானே தூக்கிக்கொண்டான்.

லயத்துக்கு வந்த பிறகுதான் கூத்து.

லயத்து வரிசையில் நாகலெட்சுமியின் காம்பரா அடுத்த அறைதான். அங்கே போகாமல் ரேடியோ நேராகக் கந்தப்பன் காம்பராவுக்குள் நுழைந்தது.

"ஏங்க, நாகுகிட்ட குடுக்கலையா?"

"வருஷம் கழியட்டும். அதுவரைக்கும் இங்க கெடக்கட்டும்."

ஓகோ! தங்கச்சி பேரைச் சொல்லித் தனக்கு வாங்கிக்கொண்டாரா? வீரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதையாவது ஒழுங்காய் வைத்தானா? அந்தப் பழைய லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா நடுச்சுவர் உண்டே தவிர, எந்தச் சுவரும் கூரையைத் தொடாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அந்தச் சுவர் உச்சியில் பலகை போட்டு, ஏறி, ரேடியோவை அங்கே உட்கார வைத்தான்.

"இது என்ன கூத்து? மேல ஏறி யாரு திருகுறது?"

"கீழ வச்சா எலி கடிச்சிரும்."

தீபாவளியன்று விடிந்ததும் விடியாததுமாய் ரேடியோ முழுச் சத்தத்தில் அலறியது. "எனக்குக் காது மந்தம், சத்தமா வச்சாத்தான் கேக்கும்" என்றான் கந்தப்பன்.

பீலிக்கரைக்குத் தண்ணீர் எடுக்கப் போன வீரம்மாவை லயமே சூழ்ந்துகொண்டது. முன்னால் நின்றவள் காளியாயி, செத்துப்போன பொன்னையாவின் தாய்; மருமகள் நாகலெட்சுமியோடு ஒரே காம்பராவில் இருப்பவள்.

"எம்புள்ளயப் பொதைச்ச மண்ணு இன்னும் காயல. எங்க வூட்டுல எண்ணெய்ச் சட்டி ஏறல. பொண்ணக் குடுத்த வூட்டுக்காரன், சுவத்துக்கு அந்தாண்ட பாட்டுப் போட்டு ஆடுறான். ஒம்புருஷனுக்கு வெக்கம் மானம் இருக்காடி?"

"தங்கச்சிக்காரி மொகத்த எப்புடித்தான் பாக்குறானோ!" என்று பக்கத்து ராசம்மாவும் தன் பங்குக்குப் போட்டாள்.

வீரம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர்கள் சொன்னதில் என்ன தப்பு? அவளுக்கும் அதே ஆத்திரம்தானே!

"இன்னைக்கோட அந்தச் சனியன் வாயை மூடுறேன் பெரியம்மா. மூடலேன்னா என்னை வீரம்மான்னு கூப்பிடாதீங்க."

மத்தியானம் கந்தப்பன் ரேடியோவைப் பாட விட்டுவிட்டு ஆட்டுக்கறிப் பங்கு வாங்கக் கிளம்பிப் போனான். அவன் தலை மறைந்ததும் கதவைச் சாத்தினாள். அரிசிப் பெட்டியை இழுத்துப் போட்டு, அதன்மேல் முக்காலியை வைத்து ஏறினாள். மேலே அவள் கண்ணில் பட்டது ரேடியோவின் முதுகு மட்டும்தான்.

திருகு இந்தப் பக்கம் இல்லை. ரேடியோவின் முகம் அந்தப் பக்கம், நாகலெட்சுமியின் காம்பராவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அட, மனுஷனுக்கு ரேடியோவை நேராய் வைக்கக்கூடத் தெரியவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே கையை வளைத்துத் தடவினாள். திருகு அகப்பட்டது. ஆத்திரம் தீர ஒரு திருகு திருகினாள்.

ரேடியோ நின்றது.

பாட்டு நிற்கவில்லை.

வீரம்மா காதைச் சுவர் பக்கம் சாய்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, கம்மிப்போன பெண்குரல் ஒன்று, விட்ட இடத்திலிருந்து அடியை எடுத்து மெல்லப் பாடி முடித்தது. ஆடிக்குப் பிறகு அந்தக் குரலை யாருமே கேட்டதில்லை. துணைக்கு வந்த சத்தம் இல்லையென்று அப்போதுதான் தெரிந்திருக்கும், சட்டென்று அதுவும் நின்றுவிட்டது.

திருப்பி வைத்திருந்த ரேடியோவை இப்போது மறுபடி பார்த்தாள் வீரம்மா. கண் நிறைந்துவிட்டது.

அந்தப் பக்கம் பலகை கிறீச்சிட்டது. யாரோ எதன் மேலோ ஏறும் சத்தம். சுவருக்கு மேலே நரைத்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது. காளியாயி!

"நிறுத்திட்டேன் பெரியம்மா..." வீரம்மாவுக்கு வாய் குழறியது.

காளியாயி வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"மறுபடி பாட வைடி தாயி. ஊரு வாயை அடைக்க நாளைக்கும் பீலிக்கரையில ஒங்களத் திட்டத்தான் செய்வேன். அதுக்காக நீ நிறுத்திப்புடாத!"