துண்டுக்குள் ஒரு பேரம்

கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த மாட்டுத் தரகர் செங்கோடன், சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறவர். மடியிலிருந்த டேப்லெட்டையும் துண்டைப் போர்த்தித்தான் தடவினார்.

"கீழ இருக்கற ஓட்டை சார்ஜருக்குங்க. நீளமா இருக்கற பொத்தான் சத்தத்துக்கு. குட்டையா இருக்கறத அமுக்கினா பேச்சு அறுந்துரும்," என்றாள் மனைவி பாவாயி. "பல்லுப் பாக்கறாப்பல தடவாதீங்க, அது மாடில்லீங்க."

சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவர் தலைமுழுகிய மகள் இன்றைக்குக் கூப்பிடுவதாக இருந்தது.

மணி அடித்தது. பாவாயி துண்டை விலக்கித் திரையைத் தொட்டுவிட்டு மறுபடி மூடினாள்.

"அப்பா, கண்ணு எப்படீங்க இருக்குது?"

அவர் கட்டைவிரல் குட்டைப் பொத்தானைத் தேடிப்போய் அதன்மேல் நின்றது.

"அப்பா?"

பாவாயி துண்டுக்குள் தன் கையை நுழைத்து அந்த விரலைப் பிடித்தாள்.