வாசலில் கிடந்த சப்பாத்து

தெருவில் வாகனம் நிற்கிற சத்தம் கேட்டால் போதும், வாசலில் கிடக்கும் மகனின் செருப்பை உள்ளே எடுத்து ஒளித்துவிடுவாள் யோகமலர். பிடித்துக்கொண்டுபோக வருகிறவர்களுக்கு வீட்டில் இளந்தாரி இருப்பதைக் காட்டிக்கொடுப்பது செருப்புத்தான் என்று பழைய நாடு அவளுக்குப் படிப்பித்திருந்தது. இந்த நாட்டுக்கு வந்தும் கை அதை மறக்கவில்லை. அன்றைக்குப் பொலிஸ் வண்டி வந்து நின்றதும் செருப்பை அரிசி வாளிக்குப் பின்னால் தள்ளினாள். மகன் வீட்டில் இல்லை என்பதற்கு இந்த ஊர்ப் பாஷையில் வார்த்தை தேடிக்கொண்டே கதவைத் திறந்தாள். அதற்குள் கோகுலன் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டான். பொலிஸ்காரர் வாசலில் தனியாகக் கிடந்த அவளுடைய செருப்பைப் பார்த்தார். குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஒரு காலுறையில் ஓட்டை. பெருவிரல் வெளியே தெரிந்தது.

"பயப்படாதேங்கோ அம்மா. நான் பஸ்ஸில விட்ட பையைக் கொண்டந்திருக்கிறார்," என்றான் கோகுலன்.

அவள் கொடுத்த தேத்தண்ணியை அவர் ஊதி ஊதிக் குடித்தார். வெளியே மழை பிடித்தது. யோகமலர் எழுந்து போய், அந்தக் கனத்த சப்பாத்து இரண்டையும் உள்ளே எடுத்து வந்து, அரிசி வாளிக்குப் பின்னால், மகனின் செருப்போடு சேர்த்து வைத்தாள்.